வண்டி நின்ற இடங்களில் கிடைத்த ஆட்கள்

ஊறணி

பழைய எஞ்சினை வைத்துக் கைவேலையாக வண்டி கட்டியவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் வழியில் யார் யாரைச் சந்தித்தீர்கள் என்று, மேலே உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்கள். முதலில் என் கதையைப் போடுகிறேன். எஞ்சினைப் பற்றி மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், இந்த எஞ்சினில் எனக்குத் தெரிந்தது எல்லாமே யாரோ ஒருவர் நின்று சொல்லித் தந்தது.

என்னுடையது 1951ஆம் ஆண்டு போர்ட் பிரிபெக்ட், இங்கிலாந்தில் டகன்ஹாமில் செய்தது. மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வளவில், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் தென்னை ஒன்று கூரையில் விழுந்து, முன்கண்ணாடி வரைக்கும் சப்பளித்துவிட்டது. அதற்குப் பிறகு அது அசையவே இல்லை. 2014இல் நான் போய்ப் பார்த்தபோது வளவுக்காரப் பெரியவர் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு, "கூரை போனது போனதுதான் மனே. எஞ்சினப் பாரு, அது இன்னும் சாகல்ல" என்றார். காசு வாங்கும்போது ஒரு நிபந்தனையும் போட்டார். செசி (அடிச்சட்டம்) இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் மாற்றக்கூடாது. பதிவுப் புத்தகத்தை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து இத்தனை வருடமும் காப்பாற்றியிருந்தார்.

கூரை இல்லாத வண்டியை என்ன செய்வது? அப்படித்தான் இந்த ஹொட் ரொட் எண்ணம் வந்தது. 1930களில் கலிபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில், பழைய போர்டுகளின் மட்காட்டையும் கூரையையும் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு வலுக் கூட்டி ஓட விட்டவர்கள் தொடங்கிய வேலை அது. 1932இல் போர்ட் கம்பனி எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சாதாரணக் காருக்குள் வைத்த பிறகு அந்தப் பைத்தியம் இன்னும் கூடியது. எனக்கு வாய்த்தது நான்கு சிலிண்டர், 1172 சிசி. புதிதாக இருந்தபோதே 30 குதிரைவலுதான். ஆனால் இரண்டின் அமைப்பும் ஒன்றுதான்: வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளொக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஹெட் என்பது வெறும் மூடி. அதன் அடிப்பக்கத்தைச் சீவினால் அழுத்தம் ஏறும். இங்கிலாந்தில் இந்த எஞ்சினுக்கென்றே 1953இல் 1172 என்ற பெயரில் ஒரு பந்தய வகுப்பே தொடங்கினார்கள். ஆட்கள் வீட்டிலேயே வண்டி கட்டி ஓடினார்கள். செசி தனி, உடம்பு தனி என்பதால் நமக்கும் அது முடியும் என்று பட்டது.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக் துளைகளால் டீசலும் கியர் ஒயிலும் கலந்து ஊற்றி, மூன்று கிழமை விட்டேன். பிறகு முதிரைக் கட்டை ஒன்றை பிஸ்டனில் வைத்துத் தட்டத் தட்ட, ஒருநாள் பின்னேரம் நூலளவு இறங்கியது. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவே இல்லை.

உடம்பு செய்த கதை சுருக்கமானது. தகரத்தில் செய்தால் இந்தக் கடற்காற்றுக்கு ஐந்து வருடம் தாங்காது. வாழைச்சேனையில் மீன்பிடி வள்ளங்களுக்கு பைபர் போடும் ஒருவரைப் பிடித்தேன். அவர் வண்டியின் பின்பக்கத்தைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இது சின்ன வள்ளம்தானே, கவுத்துப் போட்டாப் போச்சு" என்றார். அவர் போட்ட பின்பக்கத்தில் இன்றுவரை ஒரு கீறல் இல்லை.

இனி முதல் ஆள். வண்டி ஓடத் தொடங்கி இரண்டாம் மாதம், கச்சான் என்ற சூடான காற்று அடிக்கும் ஒரு மத்தியானம், கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போகும்போது கொதித்துவிட்டது. ரேடியேற்றர் மூடியிலிருந்து ஆவி சீறுகிறது. நான் துணியைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்: "கையெடு! முகம் வெந்து போகும்!"

தூண்டிலோடு நின்ற ஒரு வயோதிபர். அந்தக் காலத்தில் இதே காரை ஹயருக்கு ஓட்டியவராம். அரை மணித்தியாலம் என்னை ஒன்றும் செய்ய விடவில்லை. பாலத்தில் உட்கார்ந்து வாவியைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். இந்த எஞ்சினில் தண்ணீர்ப் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேற்றரில் ஆறிக் கீழே இறங்கும். சூடுதான் பம்ப். மேல் குழாய் வந்து சேரும் வாய்க்கு மேலே தண்ணீர் நின்றால்தான் அந்தச் சுற்று நடக்கும். அதற்குக் கீழே போய்விட்டால், ரேடியேற்றரில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தாலும் சுற்று அறுந்துவிடும், எஞ்சின் கொதிக்கும். நான் காலையில் பார்த்தபோது தண்ணீர் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது, போதும் என்று விட்டிருந்தேன். "ஒள்ளுப்பம் குறைஞ்சாலும் குறைவுதான் தம்பி. மறுகா பிளொக்குக்குள்ள சேறு இருக்கும், அதயும் எடு" என்றார்.

எடுத்தேன். பிளொக்கின் தண்ணீர் அறைகளிலிருந்து கம்பியாலும் கரண்டிக் காம்பாலும் சுரண்டிய செந்துரு இரண்டு பால்மா டின் வந்தது. இன்று எந்தக் கச்சானிலும் களுவாஞ்சிக்குடி போய் வருகிறேன், கொதிப்பதில்லை. அந்த மனிதரின் பெயரைக் கேட்காமல் விட்டது எனக்குப் பெரிய மனக்குறை.

இரண்டாவது ஆள் சம்மாந்துறைக்காரர், அரிசி ஆலை எஞ்சின்களோடு வாழ்நாளைக் கழித்தவர். எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்பார்கள். என் எஞ்சினில், பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு சேர்க்கும் கனெக்டிங் ரொட்டின் பெரிய வாய் தட்டத் தொடங்கியிருந்தது. இப்போதுள்ள வண்டிகளில் பெயாரிங் என்பது கடையில் வாங்கி மாட்டும் ஓடு. என்னுடையதில் ரொட்டிலேயே வெள்ளை மெட்டலை உருக்கி வார்த்திருக்கும். வெள்ளீயம், அதோடு கொஞ்சம் அன்ரிமனியும் செம்பும் சேர்ந்த கலவை. தேய்ந்தால் உருக்கி எடுத்துவிட்டுத் திரும்ப வார்க்க வேண்டும். மட்டக்களப்பில் நான் கேட்ட கராஜ்களில் எல்லாம் எஞ்சினை மாற்றச் சொன்னார்கள். பழைய நெல் ஆலை எஞ்சின்களில் இதே மெட்டல் உண்டு என்று யாரோ சொல்லித்தான் காக்காவிடம் போனேன்.

அவர் முதலில் அகப்பையை அடுப்பில் காட்டிக் காய வைத்தார். ஒரு துளி ஈரம் இருந்தாலும் உருகிய மெட்டல் வெடித்து முகத்தில் அடிக்கும். ரொட்டின் உட்பக்கத்தைத் துலக்கி, ஈயப் பூச்சுக் கொடுத்து, அதையும் சூடாக்கினார். மெட்டல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க அவரிடம் எந்த மீற்றரும் இல்லை. விளக்குமாற்றிலிருந்து காய்ந்த ஈர்க்கு ஒன்றை முறித்து உள்ளே விட்டு எடுத்தார். வெள்ளையாக வந்தது, இன்னும் காணாது. இரண்டாம் முறை மண்ணிறமாகக் கருகி வந்தது. "இப்ப" என்றார். ஒரே மூச்சில், நிறுத்தாமல் ஊற்றினார்.

ஆறின பிறகு கடைச்சல் பட்டறைக்குக் கொண்டுபோய் அளவுக்குக் கடைந்தோம். கடைசி வேலை கையால்தான். கிராங்கில் நீல மையை மெலிதாகப் பூசி, ரொட்டை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், எங்கே முட்டுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் முக்கோணச் சுரண்டியால் வழிக்க வேண்டும். திரும்பப் பூசு, மாட்டு, கழற்று, வழி. ஒரு ரொட்டுக்கு முப்பது தரம் போயிருக்கும். வழித்து வரும் மெட்டல், தேங்காய்ப் பூவை விட மெல்லியதாகச் சுருண்டு விழும். நீலப் புள்ளிகள் வாய் முழுக்க ஒரே மாதிரிப் பரவியதும் காக்கா சுரண்டியை என் கையில் தந்து, "மத்த மூண்டும் நீங்க" என்றார். மூன்றுக்கும் எனக்கு மூன்று கிழமை போனது.

உங்களுக்கு யார் கிடைத்தார்கள்?

அக்கரைப்பற்று

வாசித்துவிட்டு நானும் எழுத வேண்டும் என்று வந்தது. என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர் எஞ்சின், 948 சிசி, வால்வு மேலே உள்ளது. வாப்பாவின் கார். உடம்பு உக்கிப்போனதால் முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் திறந்த இரண்டு சீற்றாக்கிவிட்டேன்.

நான் சந்தித்தது ஒரு வாகன வயரிங் வேலைக்காரத் தம்பி. பொத்துவில் வீதியில் இரவு லைட் போய்விட்டது. தம்பி நல்ல கெட்டிக்காரன், வயரைத் திருத்தி, பற்றரியைத் திரும்ப மாட்டினான். அவனுக்குத் தெரிந்த முறையில், மைனஸை உடம்போடு சேர்த்து. என் வண்டியில் பிளஸ்தான் உடம்போடு சேர வேண்டும், அந்தக் காலத்து ஆங்கிலக் கார்களின் வழக்கம் அது. டைனமோ சார்ஜ் எடுக்கவில்லை. அவன் பிழையில்லை, பற்றரிக்குப் பக்கத்தில் எழுதி வைக்காதது என் பிழை.

மறுநாள் விடிய அவனே எங்கேயோ விசாரித்துவிட்டு வீட்டு வாசலில் நின்றான். பற்றரியைச் சரியான பக்கம் மாட்டி, டைனமோ வயர்களைக் கழற்றிவிட்டு, பற்றரியின் உயிர் முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் என்று எழுதியிருக்கும் முனையில் இரண்டு மூன்று தரம் தொட்டுத் தொட்டு எடுத்தான். சின்னப் பொறி தெறித்தது, அவ்வளவுதான். டைனமோவுக்குள் இருக்கும் காந்தம் தன் பக்கத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. சார்ஜ் வந்ததும் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது இந்தப் பக்கத்தில் யாருக்காவது பழைய கார் லைட் வேலை என்றால் நான் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஊறணி நண்பருக்கு ஒரு கேள்வி. ஹெட்டை எவ்வளவு சீவினீர்கள்? பக்க வால்வு எஞ்சினில் அளவுக்கு மீறிச் சீவினால், வால்விலிருந்து சிலிண்டருக்குக் காற்றுப் போகும் வழி ஒடுங்கிவிடும். அழுத்தம் ஏறும், ஆனால் மூச்சு முட்டும். மற்றது, வால்வ் இடைவெளியை, அதாவது வால்வின் காம்புக்கும் அதைத் தள்ளும் பகுதிக்கும் நடுவில் உள்ளதை, எப்படிச் சரி செய்கிறீர்கள்?

கல்லடி

நான் வண்டி கட்டியவள் இல்லை, கட்டியவரின் மகள். அப்பாவும் ஒரு பழைய ஒஸ்டின் எஞ்சினைப் போட்டு, கடற்கரைக்கு மீன் ஏற்றப் போகத் திறந்த வண்டி ஒன்று செய்து வைத்திருந்தார். 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் வந்தபோது நாங்கள் உறவினர் வீட்டில் ஏறாவூரில் இருந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் சுவர்கள் மட்டும் நின்றன. வண்டி ஒரு மதிலோடு சாய்ந்து, மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது.

அப்பா அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரோடு சுற்றினால் உள்ளே எல்லாம் கிழிந்துவிடும் என்றார். பிளக்குகளைக் கழற்றினார், ஒயிலை வடித்தார். முதலில் தண்ணீர், பிறகு பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் ஒன்று வடிந்தது. நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், ஆனால் எங்கள் கிணறுகளும் உப்பாகிவிட்டன. பவுசரில் வரும் தண்ணீர் குடிக்கத்தான். அதில் ஒரு வாளி எஞ்சினுக்குக் கேட்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் படுவான்கரையிலிருந்து உழவு மெசினில் சோற்றுப் பார்சல் கொண்டுவந்த ஒருவர், அப்பா அந்த வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் வந்தபோது நான்கு கான் நிறையக் குளத்துத் தண்ணீரும் ஒரு போத்தல் டீசலும் இறக்கி வைத்தார். அப்பா கழுவினார், பிறகு டீசலால் மூன்று தரம் அலசி, புது ஒயில் விட்டுக் கையால் சுற்றினார். எஞ்சின் தப்பியது. அதற்குப் பிறகு அப்பா பதினொரு வருடம் அதை ஓட்டினார். இப்போது என் தம்பி வைத்திருக்கிறான், கிழமைக்கு ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி, பழைய ஒயில் பூசுகிறான். அந்த மெசின்காரர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

ஊறணி

தங்கச்சி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். கொக்கட்டிச்சோலைப் பெரியவரிடம் கேட்டுப் பார்க்கிறேன், அவருக்கு அந்தப் பக்கத்து மெசின்காரர்களை எல்லாம் தெரியும்.

அக்கரைப்பற்று நண்பருக்கு: நீங்கள் சொன்னது சரி. நான் முதலில் ஆசைப்பட்டு நிறையச் சீவச் சொன்னேன். கல்முனையில் கடைச்சல் வேலை செய்பவர்தான், உங்கள் வார்த்தையையே சொல்லி, கேட்டதில் பாதியோடு நிறுத்தினார். இரண்டு மொறிஸ் மைனர் காபரேட்டர் போட்டு ஓட்டிப் பார்த்ததும் உண்டு. இழுவை நன்றாகக் கூடியது. ஆனால் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ ஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் பெற்றோல் என்று வந்ததும், பழைய ஜெனித் ஒற்றைக் காபரேட்டருக்கே திரும்பிவிட்டேன்.

வால்வ் இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய இந்த எஞ்சினில் வழி இல்லை. வால்வின் அடிக்காம்பைத் தேய்த்துத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இடைவெளி காணாவிட்டால் வால்வைக் கழற்றி, காம்பை ஒரு துளி தேய்த்து, மாட்டி அளந்து, திரும்பக் கழற்ற வேண்டும். கூடத் தேய்த்துவிட்டால் அந்த வால்வு போனது. எட்டு வால்வுக்கும் எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். மற்றபடி பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஒயிலுக்குக் கம்பி வலை தவிர வடிகட்டி கிடையாது, அதனால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுகிறேன். பிறேக் முழுக்கக் கம்பிதான், ஒயில் பிறேக் இல்லை. நான்கு சில்லும் ஒரே அளவில் பிடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இரவில் செங்கலடி வீதியில் மாடு படுத்திருக்கும் என்பதை நினைத்தால் அந்த வேலையில் சோம்பல் வராது.

காக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. நீலப் புள்ளி தெரியவில்லை என்கிறார். ஆனால் சுரண்டியின் சத்தத்தை வைத்து "அங்க இன்னும் இருக்கு" என்று சரியாகச் சொல்கிறார். அடுத்த சனிக்கிழமை காலை அவருடைய வளவில் ஒரு பழைய ஆலை எஞ்சினுக்கு மெட்டல் வார்க்கப் போகிறோம். அவர் உட்கார்ந்திருப்பார், ஊற்றுவது நான். அக்கரைப்பற்று நண்பரே, உங்கள் வயரிங் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஈரமில்லாத சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்கள்.