எக்ஸ்எஸ்எல்டி: டெம்ப்ளேட் மேட்ச் ஆகவே மாட்டேங்குது, அவசரம்

கவி_டெவ்: எக்ஸ்எம்எல்லை வேற வடிவத்துக்கு மாத்துற எக்ஸ்எஸ்எல்டி மொழில, ஆட்டம் (Atom) ஃபீடை, அதாவது ஒரு தளத்தோட பதிவுகளைப் பட்டியல் போடுற எக்ஸ்எம்எல் கோப்பை, எச்டிஎம்எல் ஆக்கணும். அதுல 'என்ட்ரி' எலிமென்டுக்கு ஒரு டெம்ப்ளேட் (அது வந்தா என்ன எழுதணும்ங்கிற விதி), 'டைட்டில்'க்கு ஒண்ணு எழுதியிருக்கேன். எர்ரரே வரலை. ஆனா டேக் எதுவுமில்லாம தலைப்பு, தேதி, ஐடி எல்லாம் வெறும் எழுத்தா கொட்டுது. நாளைக்கு டெமோ, யாராவது பாருங்க.

நெல்லை_பைட்: எதுல ஓட்டுறீங்க? எக்ஸ்எஸ்எல்டி 1.0-வா 2.0-வா? ஃபீடோட முதல் வரியைப் போடுங்க.

பிட்டுக்குபிட்டு: ரெண்டு டெம்ப்ளேட் மோதுது ப்ரோ. ப்ரையாரிட்டி (எது முந்தணும்ங்கிற எண்) 10 கொடுங்க.

கவி_டெவ்: கொடுத்தேன். அதேதான்.

தாரணி_எம்: 'டைட்டில்' முன்னாடி ரெண்டு ஸ்லாஷ் போட்டுப் பாருங்க. எனக்கு அதுல சரியாயிருக்கு.

மூத்த_நிரலர்: மேட்ச் என்பது தேடும் கட்டளை இல்லை என்று இங்கே எத்தனை முறைதான் சொல்வது? ஸ்பெக்கை, அதாவது மொழியின் விதிநூலை, படித்துவிட்டு வாருங்கள். நோடு (எக்ஸ்எம்எல்லின் ஒரு உறுப்பு) கைக்கு வந்தபிறகு, அது மேட்ச்சில் எழுதிய பேட்டர்னுக்குப் பொருந்துகிறதா என்றுதான் எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் ப்ராசஸர் பார்க்கும். முன்னால் ரெண்டு ஸ்லாஷ் போட்டால் பொருந்தும் நோடு மாறாது, டீஃபால்ட் ப்ரையாரிட்டிதான் 0-விலிருந்து 0.5 ஆகும்.

தாரணி_எம்: அந்த 0.5 தான் சார் எனக்குக் கைகொடுத்திருக்கு. இன்னொரு டெம்ப்ளேட் குறுக்கே வந்துட்டு இருந்துச்சு.

செல்வா_வெப்: எக்ஸ்எஸ்எல்டியை எடுத்துடப் போறதா குரோமே 2025ல அறிவிச்சாச்சு. பைத்தானுக்கு மாறிடுங்க.

மூத்த_நிரலர்: பிரவுசரில் இருப்பது 1999ல் வந்த 1.0. சாக்ஸன் என்ற ப்ராசஸரில் 2017ல் வந்த 3.0 ஓடுகிறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

செல்வா_வெப்: புதுசா வர்ற பசங்க யாரு சார் இதைப் படிக்கிறாங்க?

கவி_டெவ்: எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ல (1.0 ப்ராசஸர்) ஓட்டுறேன். முதல் வரில 'ஃபீட்', அதுக்குள்ள எக்ஸ்எம்எல்என்எஸ்னு (xmlns) டபிள்யூ3 அட்ரஸ் ஒண்ணு இருக்கு.

நெல்லை_பைட்: அதேதான் பிரச்சினை! அந்த அட்ரஸ்தான் நேம்ஸ்பேஸ், அதாவது பேர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்ததுன்னு காட்டுற அடையாளம். அது உள்ளே இருக்கிற 'என்ட்ரி', 'டைட்டில்' எல்லாத்துக்கும் சேரும். 1.0ல ப்ரிஃபிக்ஸ் (பேருக்கு முன்னாடி வர்ற குறி) இல்லாம எழுதின பேர், நேம்ஸ்பேஸே இல்லாத எலிமென்டைத்தான் பிடிக்கும். உங்க டெம்ப்ளேட் ஒண்ணுகூடப் பொருந்தலை, அதனால ப்ராசஸர்லயே இருக்கிற பில்ட்-இன் ரூல் ஓடி எழுத்தை மட்டும் கொட்டுது. எர்ரர் வராததும் அதனாலதான். ஸ்டைல்ஷீட் (உங்க எக்ஸ்எஸ்எல்டி கோப்பு) தலைல அதே அட்ரஸுக்கு 'ஏ'ன்னு ஒரு ப்ரிஃபிக்ஸ் அறிவிச்சு, மேட்ச்ல 'ஏ கோலன் என்ட்ரி'ன்னு எழுதுங்க. அட்ரஸை அப்படியே காப்பி பண்ணுங்க, கடைசில 'ஆட்டம்' பெரிய எழுத்துல ஆரம்பிக்கும். 2.0ல இதுக்கு எக்ஸ்பாத்-டீஃபால்ட்-நேம்ஸ்பேஸ்னு ஒரு அட்ரிபியூட் இருக்கு, எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ல அது வேலை செய்யாது.

கவி_டெவ்: டேக் வந்துடுச்சு. நன்றிண்ணே.

தாரணி_எம்: மதிப்பை எடுத்து எழுதுற வேல்யூ-ஆஃப்ல இருக்கிற செலக்ட்லயும் ப்ரிஃபிக்ஸ் போட்டீங்களா? இல்லைன்னா டேக் வரும், உள்ளே தேதி காலியா இருக்கும்.