தீனி வைத்து எடுத்த பறவைப் படங்களைக் கண்காட்சிக்கு ஏற்கலாமா?

ஆற்றங்கரையான்:
பத்தாங் பெர்ஜுந்தைத் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் பள்ளி விடுமுறையின்போது நாம் நடத்தவிருக்கும் கண்காட்சிக்கு வந்த படங்களைப் பார்த்தேன். கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் எடுத்த, கண்டல் காட்டில் வாழும் பறவையான கண்டல் பிட்டாவின் படங்கள் பலவற்றில் அதே மரக்கட்டையும் அதே பாசியும்தான் தெரிகின்றன. கட்டையின் பிளவில் மாவுப்புழுக்களை வைத்து, கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு, பறவையை வரவழைத்து எடுத்தவை அவை என்பது நம் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஏற்கக் கூடாது என்று முன்மொழிகிறேன்.

தன் எல்லைக்குள் வேறோர் ஆண் பறவை நுழைந்துவிட்டது என்று நம்பித்தான் பிட்டா அந்தக் குரலுக்கு ஓடி வருகிறது. இல்லாத எதிரியைத் தேடி அலையும் அந்த நேரம் முழுவதும் அது இரை தேடுவதில்லை. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அங்கும் காவல் இல்லை. ஒருவர் ஒருமுறை செய்தால் பறவை தாங்கிக்கொள்ளலாம். ஆனால், வார இறுதிதோறும் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே பறவையை அழைத்தால் அதன் கதி என்ன? அழிவு அபாயத்தை நெருங்கும் நிலையில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ள பறவை இது.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பிட்டாவுக்கு மற்றப் பிட்டாக்களைவிடத் தடித்த அலகு அமைந்திருப்பது சேற்றில் திரியும் நண்டை உடைத்துத் தின்பதற்காக. நம் படத்திலோ அதன் வாயில், கடையில் வாங்கிய புழு தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டப்போகிறோம்?

செம்பனைக்காரன்:
அண்ணனின் அக்கறையை மதிக்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. தீனி வைக்காத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிட்டாவின் குரல் கேட்டதும் ஆட்கள் பாதையை விட்டு இறங்கிக் கண்டல் வேர்களை மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மறைக்கும் கிளைகளை ஒடித்தார்கள். இன்று எல்லோரும் ஓர் இடத்தில் நின்று எடுக்கிறார்கள். காட்டுக்கு எது குறைந்த சேதம் என்று யோசியுங்கள்.

மனிதன் கை வைத்தாலே கெடுதி என்பதும் சரியல்ல. நம் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூட்டுப் பெட்டி வைத்ததால்தான் கூகைகள் பெருகி எலிகளைக் கட்டுப்படுத்துகின்றன. எலிமருந்துச் செலவு குறைகிறது. மேலும், கையில் லாஸ்திக் (கவண்) வைத்துக்கொண்டு குருவி அடித்துத் திரிந்த நம் வட்டாரப் பையன்கள் சிலர் இன்று கேமராவோடு திரிகிறார்கள் என்றால், ஒரு நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சிதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. நானூறு எம்.எம். லென்ஸுக்கே காசு சேர்த்த பையனிடம், பறவை தானாக வரும்வரை காத்திரு என்று சொல்வது எளிது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை கிடைப்பவனுக்கு அது எளிதல்ல.

ஆறாங்கட்டை:
தம்பி, கூகைப் பெட்டி சரியான ஒப்பீடு அன்று. பெட்டி அதற்கு இருப்பிடம் தருகிறது. எலியை அது தானேதான் வேட்டையாடுகிறது. தீனி அந்த வேட்டைப் பழக்கத்தையே மாற்றுகிறது.

பூங்காவுக்கு மேலே, புக்கிட் மெலாவத்திக் குன்றில் உள்ள லுத்தோங் குரங்குகளைப் பாருங்கள். தாயின் சாம்பல் நிற மயிருக்குள் ஆரஞ்சு நிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் காட்சியை எவ்வளவு பார்த்தாலும் சலிக்காது. ஆனால், அங்கே வருகிறவர்கள் பயற்றங்காயை நீட்டி, குரங்கைத் தோளில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்; சிலர் ரொட்டியும் தருகிறார்கள். இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பை அந்த விலங்குக்கு. இன்று அவை கார்களைத் தேடிச் சாலையில் இறங்குகின்றன. முதலில் பயற்றங்காயை நீட்டியவரும் எவருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்.

இருப்பிடத்தை வெளியிடுவதைப் பற்றி இருவருமே பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. பாராவ்-பாராவ் பறவை அதன் குரலுக்காகவே பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, 2018-இல் மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. பறவை பார்ப்போர் தம் பதிவுகளை இடும் இ-பேர்ட் தளமே அதன் இருப்பிடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. ஆனால், நம் ஆட்கள் முகநூலில் ஆற்று வளைவையும் பாலத்தையும் பெயர் சொல்லிப் படம் போடுகிறார்கள். வலை வைப்பவனும் அதைப் படிக்கிறான். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்கும் உத்தி அவனுடையதும்தான்.

செம்பனைக்காரன்:
ஐயா சொன்ன இருப்பிடம் பற்றிய விதியை முழுமையாக ஏற்கிறேன். குரல் ஒலிக்கவிட்டு எடுத்த படங்களையும் விலக்கலாம். அதில் நான் பிடிவாதமாக நிற்கவில்லை. ஆனால், தினமும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஊட்டும் குரங்கையும், எப்போதாவது நாலு புழு தின்னும் பறவையையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். தீனி வைத்து எடுத்த படம் என்று அடியில் எழுதி மாட்டுவோம். மறைத்தால்தான் பொய், சொல்லிவிட்டால் பார்ப்பவர் தாமே தீர்மானித்துக்கொள்வார்.

ஆற்றங்கரையான்:
எழுதி மாட்டினாலும், மறுவாரமே அந்தக் கட்டையைத் தேடி இன்னொருவர் புழு டப்பாவோடு போவார் என்பதால்தான் தயங்குகிறேன். காத்திருக்க நேரமில்லாதவருக்கும் வழி உண்டு. ஏரிக்கரையில் மீன்கொத்தி தான் உட்கார்ந்த கொம்புக்கே திரும்பத் திரும்ப வரும். மறைவிடத்தில் அமைதியாக உட்கார்ந்தால் அது முதுகைத் திருப்பிக்கொண்டு மீனைக் கொம்பில் அடிப்பதைக்கூட எடுக்கலாம். செப்டம்பர் முதல் வலசை வரும் கரைப்பறவைகளுக்கு, கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் போதும். சேறு சுருங்கச் சுருங்க அவை நம் பக்கம் நகர்ந்து வரும்.

அவற்றைப் பறக்கவிட்டு எடுக்கக் கைதட்டுவதையும் நாம் தடுக்க வேண்டும். 2022-இல் பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் எங்கும் இறங்காமல் பறந்தது. நம் சேற்றுக்கு வரும் கரைப்பறவைகளும் அப்படித் தொலைதூரம் கடந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைச் செலவழித்து வருபவைதான். ஒரு படத்துக்காக அவற்றை மீண்டும் எழுப்பக் கூடாது.

செம்பனைக்காரன்:
கைதட்டுவதைத் தடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அண்ணே. தீனி விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாக்குக்கு விடுங்கள். அந்தப் பிட்டாப் படங்களை எடுத்த பையன்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லாத இடத்தில் அவர்கள் படத்தை விலக்குவது முறையாகாது.

ஆற்றங்கரையான்:
நிச்சயமாகக் கூப்பிடுகிறேன். அன்று காலையிலேயே அவர்களை ஏரிக்கரை மறைவிடத்துக்கு அழைத்துச் செல்லவும் எண்ணியிருக்கிறேன். தம்பியும் வர வேண்டும். கூட்டத்தை மதியத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.