மறு: பிளஷிங்குக்கு ‘நாணம்’ வேணாமே

எல்லாருக்கும் வணக்கம்,

பெயிண்ட் வேலை இங்கிலீஷ் சொல்லுங்களுக்கு தமிழ் குடுக்கிற நம்ம பட்டியல், போன வாரம் வந்ததுல, பிளஷிங்குக்கு நேரா ‘வண்ண நாணம்’னு போட்டிருந்தீங்க, படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. இங்கிலீஷ்காரனுக்கு வெக்கம் வந்தா மூஞ்சி செவக்கும். பெயிண்ட் பிளஷ் ஆனா செவக்காது, வெளுத்துப்போகும், கருப்பு பெயிண்ட் மேல மோர் தெளிச்ச மாதிரி. அவங்க மொழியிலயே கோணலா விழுந்த பேரு, அதை நாம எதுக்கு தூக்கிட்டு வந்து தமிழ்ல வெக்கப்பட வைக்கணும்?

எனக்கு இது பட்டு தெரிஞ்ச விஷயம். எங்கப்பாவோட பழைய ஹெர்குலஸ் சைக்கிள், அம்பத்தூர்ல செஞ்சது, 2011 டிசம்பர் 30 தானே புயல்ல பின்கட்டு ஓடு மொத்தமும் அது மேலதான் சரிஞ்சுது, அதுக்கப்புறம் கோணிய போட்டு மூடி வெச்சதோட சரி. வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடல் காத்துல மூடி வெச்சாலும் துரு விடுமா, ஐப்பசியில ஒரு வாரம் லீவு போட்டு பிரிச்சேன். பிபி கப்பு (பெடல் அச்சை ரெண்டு பக்கமும் புடிச்சிருக்குற மரை போட்ட கிண்ணம்) கழட்டவே ஒரு நாள் போச்சு, வலது பக்க கப்புக்கு தலைகீழ் மரைன்னு தெரியாம நான் முறுக்க முறுக்க அது இன்னும் இறுகிக்கிட்டே போயிருக்கு (இது சொல்பட்டியலுக்கு சம்பந்தம் இல்ல, யாராச்சும் பழைய சைக்கிள் பிரிக்கப்போறீங்கன்னா ஞாபகம் வெச்சுக்குங்க).

120 நம்பர் உப்புத்தாள்ல துருவை எடுத்து, 320 தாள்ல தண்ணி போட்டு தேச்சு, காய வெச்சு தின்னர் துணியால துடைச்ச கையோட பிரைமர் அடிச்சேன், எங்க ஊர்ல வெறும் இரும்பை ஒரு ராத்திரி விட்டா காலையில காவி கட்டியிருக்கும். மேல அடிக்கப்போறது என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) கருப்பு பெயிண்ட், அதனால அடியில சாதா ரெட் ஆக்சைடு வேணாம், என்சி தின்னர் பட்டா அது சுருங்கி எழும்பிடும்னு பான்பரி மார்க்கெட் பக்கத்து பெயிண்ட் கடையில சொல்லி சாம்பல் கலர் சர்ஃபேசர்னு வேற அடிப்பூச்சு குடுத்தாங்க. அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. மறுநாள் மழை விட்ட சாயங்காலம், பிரேமோட ஹெட் ட்யூப்ல (ஹேண்டில்பார் நுழையற குழாய்) கம்பிய கோத்து கொல்லையில தொங்க விட்டு, இரவல் கம்ப்ரஸர்ல ரெண்டு கை அடிச்சேன், மினுமினுன்னு இருந்துச்சு, மூணாவது கை அடிச்சு டீ குடிச்சுட்டு வந்து பாக்குறேன், பார் முழுக்க வெள்ளையா மூடியிருக்கு. தூசுன்னு நெனச்சு துடைச்சேன், போகல.

காரணம் எளிசுதான். என்சி தின்னர் வேகமா ஆவியாகும், ஆவியாகும்போது பரப்புல இருக்குற சூட்டை இழுத்துக்கும், இரும்பு சில்லுன்னு ஆயிடும். காத்துல ஏற்கெனவே ஈரம் நெறஞ்சிருந்தா அது சில்லுன்னு இருக்குற எடத்துல நீரா படியும், படிஞ்ச நீர் பெயிண்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு பிசினை கரைசல்லேர்ந்து பிரிச்சு விட்டுடும், அந்த வெள்ளைதான் நாம பாக்குறது. பக்கத்து தெருவுல பீரோவுக்கு ஸ்ப்ரே அடிக்கிற அண்ணன் வந்து பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு: “பூத்துடுச்சு தம்பி.”

அதனால என் பரிந்துரை: நீறுபூத்தல். நீறு பூத்த நெருப்புன்னு இருக்கே, கருப்பு மேல வெள்ளை படர்றதுக்கு அதைவிட பொருத்தம் வேற என்ன வேணும்?

கடலூர்லேர்ந்து

-----

> அதனால என் பரிந்துரை: நீறுபூத்தல்.

தம்பி, பீரோக்காரர் சொன்னது சரி, நீங்க அதுக்கு முன்னாடி ஒட்டின ‘நீறு’தான் இடிக்குது. நான் முத்தியால்பேட்டை, முப்பது வருஷம் பட்டறை வேலை, இப்ப வீட்டோட. வெயில்ல பல வருஷம் நிக்கிற கார் பானட்டை தடவிப்பாருங்க, விரல்ல மாவு மாதிரி ஒட்டும். வெயில்ல பிசின் செத்துப்போய் கலர் பொடி தனியா நிக்குது, அதுக்கு இங்கிலீஷ்ல சாக்கிங். நீறுன்னா பொடி, தொட்டா கையோட வரும், ஊதினா பறக்கும். ‘நீறு பூத்த நெருப்பு’ன்னு சொல்றதே ஊதினா உள்ள நெருப்பு தெரியும்ங்கறதாலதானே. உங்க சைக்கிள்ல துடைச்சும் போகலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நீறுபூத்தல் சாக்கிங்குக்கு கச்சிதமா உக்காரும், அதை பிளஷிங்குக்கு குடுத்து வீணாக்காதீங்க.

சுவத்துல செங்கல்லேர்ந்து வெளிய வர்ற வெள்ளைக்கு கொத்தனாருங்க ‘உப்பு பூத்திருக்கு’ன்னுதான் சொல்றாங்க, அதுவும் வேற. ஆக வெறும் ‘பூத்தல்’னு விட்டாலும் மூணும் குழம்பும்.

-----

நான் ‘வெண்பூப்பு’ன்னு எழுதி அனுப்ப வந்தேன், எழுதினதும் அழிச்சுட்டேன். பூப்புன்னதும் ஊர்ல எல்லாருக்கும் மஞ்சள் நீராட்டு பத்திரிகைதான் ஞாபகம் வரும். நாணத்துலேர்ந்து தப்பிச்சு பூப்புல போய் மாட்டிக்கிட்டா மாதிரி ஆயிடும் சார் :-)

‘பனித்தல்’ ஆகாதா? காரணமே பனி படியறதுதானே. சொல்லும் சின்னதா இருக்கு.

-----

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் சேத்து எழுதுறேன், கொஞ்சம் நீளும்.

முத்தியால்பேட்டை அண்ணா சொன்னதை படிச்சுட்டு நேரா கொல்லைக்கு போனேன். பிரேம் அப்படியே வெள்ளையா தொங்குது. பக்கத்துல வெயில்ல கெடந்து சாயம் போன பழைய இரும்பு கேட்டு. கேட்டை தேச்சேன், விரல்ல நீலப்பொடி. பிரேமை தேச்சேன், ஒண்ணும் வரல, வெள்ளை உள்ளயே இருக்கு. சரிதான், நீறு கேட்டுக்குத்தான். ஒத்துக்கிட்டேன்.

பனித்தல் எனக்கும் பிடிச்சுது அக்கா, ரெண்டு நாளா வாயில போட்டு பாத்தேன். ஆனா பனின்னா வெயில் வந்தா போயிடும், துணியால துடைச்சா போயிடும், இது போகாது. அதோட, தூரத்துலேர்ந்து லேசா தூவற மாதிரி அடிக்கிற கை ஒண்ணு இருக்கு, மிஸ்ட் கோட், அதுக்கு ‘பனிப்பூச்சு’ன்னு ஏற்கெனவே பட்டியல்ல 14-ஆவது வரியில குடுத்தாச்சு. காரணத்தை வெச்சு பேரு வெக்கிறதுல இன்னொரு தொந்தரவு, அடிக்கிறவனுக்கு மொதல்ல கண்ணுல படறது காரணம் இல்ல, வெள்ளைதான்.

எங்க ஆயா வீட்டுல ஒரு பசு இருந்துச்சு, அதோட ஒரு கண்ணுல வைக்கோல் குத்தி கருவிழி மேல வெள்ளையா மூடிப்போச்சு. ஆயா அதை ‘கண்ணுல பூ விழுந்துடுச்சு’ன்னுதான் சொல்லும். பசு பேரே பூக்கண்ணின்னு ஆயிடுச்சு. நேத்து ராத்திரி பிரேமை டார்ச் அடிச்சு பாக்கும்போது அந்த கண்ணுதான் ஞாபகம் வந்துச்சு. பளபளன்னு இருக்க வேண்டிய கருப்பு, மேல ஒண்ணும் ஒட்டல, உள்ளயே மங்கி வெள்ளை, துடைச்சா போகாது, இத்தனையும் ரெண்டுக்கும் ஒத்துப்போகுது. அதனால:

பூவிழல். பெயிண்ட்ல பூ விழுந்துடுச்சு. பூ விழுந்த பிரேம்.

‘பூத்தல்’னு சொன்னா உள்ளேர்ந்து வெளிய வர்றது, சுவத்துல உப்பு வர்ற மாதிரி. ‘விழுதல்’னா வெளியிலேர்ந்து வந்து சேர்றது, காத்துல இருக்குற ஈரம் வந்து சேர்றதாலதானே இது நடக்குது. யாரும் செய்யறதில்ல, தானா விழுது. பீரோ அண்ணன்கிட்ட சொல்லி பாத்தேன், “அதத்தான நான் சொன்னேன்”னாரு. அவரு சொன்னது அது இல்ல, ஆனா மறுக்கலங்கறதே எனக்கு போதும், பட்டறையில புரியாத சொல்லை பட்டியல்ல வெச்சு என்ன பண்றது, மிதிவண்டின்னு ஒரு சொல் நின்னுதுன்னா கால் என்ன செய்யுதுன்னு அது சொல்றதாலதான் நின்னுது.

கண்புரையோட குழம்பும்னு யாராச்சும் கேப்பீங்க. குழம்பாது. டாக்டருங்க ‘புரை’யை எடுத்துக்கிட்டாங்க, ‘பூ’ சும்மாத்தான் இருக்கு.

பிரேம் என்னாச்சுன்னு கேட்டவங்களுக்கு: பீரோ அண்ணன் சொன்னபடி மழை விட்டு நல்லா வெயிலடிச்ச நாளா பாத்து, காலையில பத்து மணிக்கு மேல, மத்தியானம் கடல் காத்து ஏறறதுக்குள்ள, பிரேமை வெயில்ல வெச்சு கொஞ்சம் சூடாக்கி, ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் பூ விழுந்த எடத்துல லேசா ஒரு கை வீசினேன். ரிட்டார்டர் மெதுவா ஆவியாகும், மேல்பூச்சு மறுபடி இளகும், மாட்டின ஈரம் வெளிய போக நேரம் கெடைக்கும். கண்ணு முன்னாடியே கருப்பு திரும்பி வந்துச்சு, கொல்லையில தனியா நின்னு கத்திட்டேன். மாஸ்க் போட்டிருந்ததால பக்கத்து வீட்டுக்கு கேக்கல. செயின் ஸ்டே (பின்சக்கரத்துக்கு போற கீழ் குழாய்) பக்கம் மட்டும் கொஞ்சம் அதிகமா வீசி வழிஞ்சிடுச்சு, அதை தேச்சு எடுக்கணும்.

பட்டியலுக்கு வரிகள் இப்படி போடலாமான்னு பாருங்க:

பூவிழல் – பிளஷிங். ஈரக்காத்துல அடிச்ச பூச்சு உள்ளயே வெளுத்து மங்கறது, துடைச்சா போகாது.
நீறுபூத்தல் – சாக்கிங். வெயில்ல பூச்சு செத்து பொடியாறது, தேச்சா விரல்ல ஒட்டும். (முத்தியால்பேட்டை அண்ணா குடுத்தது)
பூவிழாத் தின்னர் – ஆன்டி பிளஷ் தின்னர்.

தின்னருக்கு ‘இளக்கி’ன்னு போடணும்னு ஐயா சொல்வீங்க, கடையில போய் இளக்கி குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தீங்கன்னா நானும் மாத்திக்கிறேன்.

ஆரஞ்சு பீலுக்கு (பெயிண்ட் வழவழன்னு இல்லாம புள்ளி புள்ளியா மேடு பள்ளமா காயறது) பட்டியல்ல ‘ஆரஞ்சுத்தோல்’னு இருக்கு. செயின் கவர்ல எனக்கு அதுவும் வந்திருக்கு, பாத்தா சாத்துக்குடித்தோல் மாதிரிதான் தெரியுது. அதுக்கு தனி இழை தொடங்குங்க, மார்க்கெட் போய் ரெண்டையும் வாங்கிட்டு வந்து வெச்சு பாத்துட்டு எழுதுறேன்.