உதவி: ஆவியில் வைத்த கிறிஸ்மஸ் புட்டிங் மேலே கொழகொழ, உள்ளே வெளிர் நிறம். காப்பாற்ற முடியுமா?

லெஸ்டர்_அடுப்படி:
வணக்கம். அட்வென்ட்டுக்கு (கிறிஸ்மஸுக்கு முந்தைய ஆயத்த காலம்) முந்தைய ஞாயிறு, அதாவது நேற்று, கிறிஸ்மஸ் புட்டிங் கலந்து 1.2 லிட்டர் பீங்கான் பேசினில் (புட்டிங் வேகவைக்கும் கிண்ணம்) விளிம்பு வரை நிரப்பி 5 மணி நேரம் ஆவியில் வைத்தேன். பாத்திரத்தில் தண்ணீர் பேசினின் முக்கால் உயரம் இருந்தது. மேலே ஃபாயிலை மட்டும் இழுத்து மூடிக் கயிறு கட்டினேன். இன்று காலை பிரித்தால் மேலே ஒரு விரல் ஆழத்துக்குக் கொழகொழவென்று இருக்கிறது, ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது. கத்தியால் ஓரத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே டீ நிறம்தான், கறுப்பு வரவில்லை.

போட்டவை: உலர்பழம் 500 கிராம், டெமராரா சர்க்கரை (வெளிர்பழுப்பு நிறம்) 200, வெஜிடபிள் சூயட் (துருவிய தாவரக் கொழுப்பு) 150, பிரெட் தூள் 125, மாவு 75, முட்டை 2, ஸ்டவுட் பீர் 100 மில்லி. ட்ரீக்கிள் (கரும்புச் சர்க்கரையின் கறுப்புப் பாகு) போடவில்லை.

இதைச் சரிசெய்யலாமா? குழந்தைகளுக்காக மது சேர்க்காமல் 600 மில்லி பேசினில் இன்னும் இரண்டு செய்ய வேண்டும். அவற்றைக் குக்கரில் வைக்கலாமா?

ஆவிப்பானை:
தாராளமாகக் காப்பாற்றலாம், ஆனால் இன்றைக்கே செய்யுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் வந்துவிட்டால் சுரண்டிவிட்டுச் சாப்பிடக் கூடாது, முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தண்ணீர் உள்ளே போனதற்கு மூன்று காரணம் தெரிகிறது. விளிம்பு வரை நிரப்பியதால் புட்டிங் உப்பி ஃபாயிலைத் தூக்கியிருக்கும். மேலே 2 செ.மீ. காலியாக விட வேண்டும். ஃபாயிலில் மடிப்பு இல்லாததால் உப்பும்போது கயிற்றுக்கு மேலே கிழிந்திருக்கும் அல்லது நழுவியிருக்கும். முக்கால் உயரத் தண்ணீர் கொதித்துத் தெறித்தால் நேராகக் கயிற்றில்தான் விழும். பாதி உயரம் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: ஓரத்தில் நிற்கும் தண்ணீரைக் கிச்சன் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மிகவும் கரைந்த மேல்பகுதியைக் கரண்டியால் வழித்து விடுங்கள், அதனால் இடமும் கிடைக்கும். புட்டிங் மேல் படியும்படி ஒரு வட்ட பேக்கிங் பேப்பர். அதற்கு மேல் பேக்கிங் பேப்பரையும் ஃபாயிலையும் சேர்த்துப் பிடித்து நடுவில் 3 செ.மீ. மடிப்பு வைத்து மூடுங்கள். விளிம்புக்குக் கீழே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். தொங்கும் தாளைக் கயிற்றுக்குக் கீழே 2 செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள். தாள் நுனி தண்ணீரில் பட்டால் திரி எண்ணெய் இழுப்பதைப் போல ஈரத்தை மேலே இழுத்துவிடும். ஃபாயில் பழத்தின் மேல் நேராகப் படக் கூடாது, பழப் புளிப்பு அதைப் பொத்தலாக்கும்.

கரிச்சட்டி:
நிறத்தைப் பற்றி. சூயட்டைக் குறை சொல்ல வேண்டாம், வெஜிடபிள் சூயட்டிலும் நல்ல கறுப்பு வரும். உங்களுக்கு நேரமும் சர்க்கரை வகையும்தான் குறை. 1.2 லிட்டருக்கு முதல் வேக்காடு 8 மணி நேரம். சர்க்கரையும் மாவும் முட்டையும் மெல்ல மெல்லக் கறுப்பது கடைசி மணி நேரங்களில்தான். டெமராராவில் கரும்பின் கறுப்புப் பாகு (மொலாசஸ்) குறைவு; டார்க் மஸ்கவாடோ என்ற கரும்பழுப்புச் சர்க்கரையும் ஒரு மேசைக்கரண்டி கறுப்பு ட்ரீக்கிளும் போட்டிருந்தால் ஆரம்பத்திலேயே நிறம் நின்றிருக்கும். வெந்த பிறகு ட்ரீக்கிளைக் கலக்க முடியாது, இதற்கு நேரத்தைக் கூட்டுவது ஒன்றே வழி.

5 மணி நேரம் முடிந்தது, மிச்சம் 3தானே என்று கணக்குப் போடாதீர்கள். ஆறிய புட்டிங் நடுப்பகுதி வரை சூடேறவே நேரம் பிடிக்கும். 4 மணி நேரம் வையுங்கள்.

பாத்திரத்தின் அடியில் ஒரு சாசரைக் கவிழ்த்து அதன் மேல் பேசினை வையுங்கள். சுத்தமான கோலிக்குண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டால் கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் மாறினால் தண்ணீர் வற்றுகிறது என்று பொருள். அரை மணிக்கு ஒருமுறை மட்டம் பார்த்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி நிற்கும், பீங்கானும் விரிசல் விடலாம். இட்லிப் பானையில் வைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அதில் தண்ணீர் கொஞ்சம்தான் பிடிக்கும். அலுமினியப் பாத்திரமானால் ஒரு துண்டு எலுமிச்சை போடுங்கள், உள்பக்கம் கறுக்காது.

ஆவிப்பானை:
குக்கர் கேள்விக்கு. 600 மில்லிக்குக் குக்கர் அருமையான வழி. பேசின் மூடியில் முட்டக் கூடாது, சுற்றிலும் ஆவி போக இடம் வேண்டும். ஃபாயில் கழன்று ஆவித் துளையை அடைத்தால் ஆபத்து, எனவே கட்டு இறுக்கமாக இருக்கட்டும். கொதிநீர் ஒன்றரை லிட்டர். முதல் 15 நிமிடம் வெயிட் போடாமல் சிறு தீயில் ஆவி விடுங்கள். எடுத்த எடுப்பில் அழுத்தம் ஏறினால் புட்டிங் உப்பாமல் கல்லாகிவிடும். பிறகு வெயிட் போட்டு 1¾ மணி நேரம்.

நம்மூர்க் குக்கரில் விசில் அடிக்க அடிக்கத் தண்ணீர் குறையும். தீயை விசில் வராத அளவுக்குத் தணியுங்கள். ஒரு மணி நேரத்தில் அணைத்து, அழுத்தம் தானாக இறங்கிய பின் திறந்து, தண்ணீர் பார்த்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு பேசினையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

மது இல்லாததை அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். முழுவதும் ஆறியதும் ஃப்ரீசரில் வைத்து, பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

லெஸ்டர்_அடுப்படி:
இருவருக்கும் மிக்க நன்றி. 4 மணி நேரம் வைத்து எடுத்தேன். மேல்பகுதி கெட்டிப்பட்டுவிட்டது, நிறமும் கருங்காப்பி அளவுக்கு வந்திருக்கிறது. இனி எப்படி எடுத்து வைப்பது? 25ஆம் தேதி எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

கரிச்சட்டி:
கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. இரவு முழுக்க ஆறட்டும். பிறகு நனைந்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு, குச்சியால் ஏழெட்டு இடம் குத்தி இரண்டு மேசைக்கரண்டி பிராந்தி விடுங்கள். புதுத் தாள், புது ஃபாயில், புதுக் கயிறு. பழைய தாளையே விட்டுவிடுவதால்தான் பாதிப் பேருக்குப் பூஞ்சணம் வருகிறது. ஒருமுறை தண்ணீர் புகுந்த புட்டிங் என்பதால் இதை ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது.

பண்டிகையன்று அதே முறையில் ஆவியில் 2 மணி நேரம், 600 மில்லிக்கு ஒன்றரை. ஓவனில் வான்கோழி இருந்தாலும் இது அடுப்பின் மேல்தானே, இடைஞ்சல் இல்லை. மைக்ரோவேவில் போடுவதானால் ஃபாயிலை அகற்றி, குறைந்த சக்தியில் ஒவ்வொரு நிமிடமாக. சர்க்கரையும் மதுவும் சட்டென்று சூடேறிக் கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

தீ மூட்டப் போகிறீர்கள் என்றால் மூன்று மேசைக்கரண்டி பிராந்தியைச் சிறு பாத்திரத்தில் வெதுவெதுப்பாக்கிப் பற்றவைத்து ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் மது ஆவியாகிப் போய்விடும், பற்றாது. அடுப்புக்கு மேலுள்ள எக்ஸ்ட்ராக்டர் ஃபேனை முன்னாலேயே அணைத்துவிடுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றவே கூடாது.