51 கேஸர் ஹென்றி ஜே காருக்கு எந்த இன்ஜின்: 301, 327, இல்லை 392 ஹெமியா?

வில்லோரன்_வாசி:
வணக்கம். மிச்சிகனில் இப்சிலாண்டி பக்கம் இருக்கிறேன். கராஜில் ஒரு 1951 ஹென்றி ஜே நிற்கிறது. பக்கத்து வில்லோ ரன் ஆலையில் பிறந்த கார் என்ற ஒரே ஆசையில் வாங்கியது. முன்னால் ஸ்ட்ரெய்ட் ஆக்ஸில் (இரு சக்கரத்துக்கும் ஒரே நேர் அச்சு) போட்டாயிற்று. மன்சி நாலு கியர் பாக்ஸ், பின்னால் ஃபோர்டு 9 இன்ச் ஆக்ஸில், 4.56 கியர், 29 இன்ச் ஸ்லிக் (வழுவழுப்பான ரேஸ் டயர்). என்னையும் சேர்த்து 2,700 பவுண்டு வரும். பானெட்டைத் திறந்தால் 1965-க்குப் பிந்தைய எதுவும் கண்ணில் படக் கூடாது. மைலன் டிராக்வே ரேஸ் பாதையில் கால் மைல் ஓட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காபிக்கும் இதிலேயே போக வேண்டும்.

கையில் ஒரு செவ்ரலே 283 (கன இன்ச்) பிளாக் இருக்கிறது, சிலிண்டரை 4 இன்ச்சுக்கு போர் அடித்தால் 301. ஒருவர் 461 என்ற வார்ப்பு எண் உள்ள ஹெட்டோடு செவ்ரலே 327 தருகிறேன் என்கிறார். தெரிந்தவர் கொட்டகையில் 1957 கிறைஸ்லர் 392 ஹெமி (அரைக்கோள எரியறை இன்ஜின்) தூங்குகிறது. மனசு ஹெமி என்கிறது, வீட்டம்மா 301 என்கிறார்.

பழைய_பிஸ்டன்:
தம்பி, குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். டைம் ஸ்லிப்பில் (ஓடிய நேரச் சீட்டில்) என்ன நம்பர் வர வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் ரேஸ் சங்கம்) விதியில் இந்த வயசுக் கார் கால் மைலை 11.49 விநாடி அல்லது அதற்குக் கீழே ஓடினால் ரோல் பார் (கவிழ்ந்தால் காக்கும் குழாய்ச் சட்டம்) கட்டாயம். கணக்கு எளிது: எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, கனமூலம் எடுத்து, 5.825-ஆல் பெருக்குங்கள். 340 குதிரைக்கு 11.6 வரும், 400-க்கு 11.0. அந்த 60 குதிரைக்காக அந்தச் சின்னக் கூரைக்குள் குழாய் வளைக்கத் தயாரா? பெல்ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) மட்டும் எந்த நம்பரானாலும் எஃகில் போடுங்கள். 6,000 ஆர்பிஎம்மில் கிளட்ச் சிதறினால் பக்கத்தில் இருப்பது உங்கள் கால்.

301 கத்துவதைக் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 0.125 இன்ச் போரை எல்லா 283 சுவரும் தாங்காது, சுவரின் தடிமனை ஒலியால் அளக்கும் சோனிக் டெஸ்ட் எடுக்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். அதோடு, உங்கள் கியருக்கும் டயருக்கும் 115 மைல் வேகத்தில் இன்ஜின் 6,100-தான் சுற்றும். 301 அப்போதுதான் சோம்பல் முறிக்கும். அதற்காக 5.13 கியர் போட்டால் காபிக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் காது போய்விடும்.

ஹெமி முன் ஆக்ஸில்மேல் நூறு பவுண்டுக்கு மேல் கூட ஏற்றும். ஹெட்டுக்கு இரண்டு ராக்கர் ஷாஃப்ட், மன்சிக்கு அடாப்டர், எல்லாமே தனிக் காசு. அந்தக் கால டிராக் ரேஸ்காரர் பிக் ஜான் மஸ்மானியனின் வில்லீஸ் காரில் ஹெமியின் தலைமேல் 6-71 புளோவர் (காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர்) உட்கார்ந்திருந்தது. புளோவர் இல்லாமல் இந்தக் குட்டிக் காருக்கு அது வெறும் பாரம். 327 போடுங்கள்.

லாஷ்_முப்பது:
327-க்கு என் ஓட்டும். கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) டன்டவ் 30-30, அந்தக் கால 365 குதிரை கார்வெட்டில் வந்தது. சாலிட் லிஃப்டர், லாஷ் (வால்வ் இடைவெளி) 0.030 இன்ச். கேம் லோபில் (கேமின் மேட்டில்) பேஸ்ட் தடவி, ஜிங்க் அதிகமுள்ள ஆயில் ஊற்றி, முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றி இருபது நிமிஷமாவது விடுங்கள். கார்ப், டைமிங் ஆரம்ப செட்டிங் எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஐடிலில் விட்டுவிட்டு லீக் தேடினால் லோப் தேய்ந்து, இரும்புத் தூள் பேரிங் வரைக்கும் போகும்.

ஹெமி_பித்தன்:
பாரமாம்! பானெட்டைத் திறந்ததும் கூட்டம் எந்த இன்ஜினுக்குக் கூடுகிறது என்று பாருங்கள். சரி, இந்தக் காருக்கு 327. ஆனால் அந்த 392-ஐ வாங்கிப் போடுங்கள், அடுத்த காருக்கு ஆகும்.

வில்லோரன்_வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. சனிக்கிழமை 327-ஐப் பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய_பிஸ்டன்:
283-உம் 327-உம் வெளியே பார்க்க ஒன்றுதான். அதனால் ஒரு ஹெட்டையாவது கழற்றி வெர்னியர் வையுங்கள்: போர் 4.00, ஸ்ட்ரோக் 3.25. அப்புறம் ஆயில் பேனைக் கழற்றி மெயின் ஜர்னலை (கிராங்க் தண்டு பேரிங்கில் உட்காரும் இடத்தை) அளங்கள். 2.30 என்றால் சின்ன ஜர்னல், 2.45 என்றால் 1968 அல்லது அதற்குப் பிந்தையது, உங்கள் 1965 கணக்கில் தேறாது. ஹெட்டில் இரண்டு வால்வ் சீட்டுக்கும் நடுவே விரிசல் தேடுங்கள், மெஷின் ஷாப்பில் மேக்னாஃப்ளக்ஸ் (காந்தத்தால் விரிசல் காணும் சோதனை) செய்த பிறகுதான் ஹெட்டுக்குக் காசு. கழற்ற விட மாட்டேன் என்றால் 283 விலைக்குக் கேளுங்கள்.