செட்டுக்கு ராத்திரிக் காவல்: பத்து பவுன்சர் போட்டா போதுமா?

மஞ்சள்_டார்ச் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன பட்ஜெட் படத்துல ப்ரொடக்‌ஷன் எக்ஸிகியூட்டிவா இருக்கேன். இதுவரைக்கும் விளம்பரப் படங்கள்லதான் வேலை. காலையில போய் ராத்திரி திரும்பிடுற ஷூட்டிங். ஒரு செட்டை வாரக்கணக்குல கட்டிக் காப்பாத்துறது எனக்குப் புதுசு.

திருவள்ளூர் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி ஒரு காலி இடத்தை வாடகைக்கு எடுத்து, பழைய காலத்துக் கடைத்தெரு போட்டிருக்கோம். ப்ளைவுட், தெர்மகோல், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பின்னாடி சவுக்குக் கட்டை. சுத்தி பாதிக்குத் தகரம், மீதி முள்வேலி. ஊர் பக்கத்துலயே இருக்கு.

போன வாரம் ஹீரோ கெட்டப் போட்டோ வெளிய வந்துருச்சு. அது அடங்குறதுக்குள்ள ரெண்டு ரோல் பவர் கேபிளும், ஆர்ட் டிபார்ட்மெண்ட் வாடகைக்கு எடுத்த பித்தளைத் தராசும் காணோம். ஒரு நாள் சாயங்காலம் ஊர்ப் பசங்க டிரோன் விட்டாங்க. தயாரிப்பாளர், "பத்து பவுன்சரைப் போடு, எல்லாம் சரியாயிடும்"னு சொல்றார். புதுச் சட்டப்படி போட்டோ எடுத்தவனை மூணு வருஷம் உள்ள தள்ளலாம்னும் சொல்றார். நிஜமா?

இருக்கிற காசுல எதுக்கு முதல்ல செலவு பண்ணணும்? அடுத்த ஷெட்யூல் காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீட்டுல. வீட்டுக்காரங்க இப்பவே பயப்படுறாங்க. அதுக்கும் யாராவது சொன்னா நல்லது.

---

சினிமாப்பித்தன்_77

கேட்லயே எல்லார் போனையும் வாங்கி வச்சுடுங்க. கதை முடிஞ்சது.

---

பழைய_மேனேஜர்

பத்து பவுன்சர்னு சொன்னதுமே புரிஞ்சுதும்மா. உங்க தயாரிப்பாளர் காவல் போடுறது ஹீரோவுக்கு. பவுன்சர் நிக்கிறது கேரவன் படியில இருந்து கேமரா வரைக்கும். அந்த இடத்துல எந்தக் காலத்துலயும் எதுவும் திருடு போனதில்ல. போறதெல்லாம் அன்னைக்கு ஷூட்டிங் முடிஞ்சுதுன்னு பேக்கப் சொன்னதுக்கு அப்புறம் ஒரு அரை மணி நேரம் இருக்கு பாருங்க, அதுல போகும். இல்லன்னா விடியக்காலையில, முதல் வண்டி வர்றதுக்கு முன்னாடி.

பேக்கப் சொன்னதும் நடக்கிறதை ஒரு நாள் ஓரமா நின்னு பாருங்க. ஹீரோ வண்டி கிளம்பும், பவுன்சரும் கூடவே கிளம்பிடுவாங்க. ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் காஸ்ட்யூமைக் கழட்டிப் போட்டுட்டு பேட்டாவுக்கு வரிசையில நிப்பாங்க. லைட்மேன் கேபிள் சுத்துவான். ஆர்ட் ஆளுங்க நாளைய சீனுக்கு ஆணி அடிச்சுக்கிட்டிருப்பாங்க. சாப்பாட்டு வண்டியில பாத்திரம் ஏறும். டெம்போ, வேன், டாடா ஏஸ் எல்லாம் ஒரே சமயத்துல கேட்டைத் தாண்டும். நீங்க ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பேட்டா கவர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டிருப்பீங்க. அப்ப கேட்டுல யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. ஒரு ரோல் பவர் கேபிள் என்ன கனம்னு லைட்மேனைக் கேட்டுப் பாருங்க. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு முள்வேலி ஏறுற திருடன் இன்னும் பொறக்கல. உங்க கேபிள் கேட் வழியா, வண்டியில, உக்காந்துதான் போயிருக்கு.

அதனால முதல் செலவு, கேட். ஒரே ஒரு கேட். மத்த வழியெல்லாம் தகரம் அடிச்சு மூடுங்க. அங்க ஏஜென்சி ஆளை மட்டும் நம்பி நிறுத்தாதீங்க. அவனுக்கு யூனிட்ல யாரு எந்த டிபார்ட்மெண்ட்னு தெரியாது, தலையைத் தலையை ஆட்டுவான். வயசாகி வேலை குறைஞ்ச செட் அசிஸ்டெண்ட், ப்ரொடக்‌ஷன் ஆளுங்க கோடம்பாக்கத்துல எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரைப் போடுங்க. முதல் வண்டிக்கு முன்னாடி வரணும், கடைசி வண்டிக்கு அப்புறம் போகணும். வண்டி நம்பர், டிரைவர் பேர், என்ன ஏத்தியிருக்கு, யார் சொல்லி ஏத்தினது, எல்லாம் நோட்டுல ஏறணும். லைட் யூனிட் வண்டின்னாலும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கணும். ரெண்டு நாள் முணுமுணுப்பாங்க, அப்புறம் பழகிடும்.

ராத்திரிக்கு ரெண்டு பேராவது வேணும். தனி ஆளு பயந்துக்கிட்டே கேட்டுப் பக்கத்துல குந்திடுவான், செட்டோட பின்பக்கம் யாருக்கும் சொந்தமில்லாம கிடக்கும். டார்ச், விசில் கொடுங்க. நடுராத்திரி ஒரு தடவை, மூணு மூணரைக்கு ஒரு தடவை, நீங்க சொல்ற கடை வாசல்ல நின்னு வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பச் சொல்லுங்க. எந்தக் கடைன்னு அன்னன்னைக்கு மாத்துங்க. இதுக்கு ஒரு பைசா செலவில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தர் அந்த ஊர்க்காரரா இருக்கட்டும். பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பாருங்க. கோயிலுக்கு ஏதாவது கேட்பாங்க, கொடுத்துடுங்க, பவுன்சர் ஒரு நாள் சம்பளத்தைவிடக் குறைச்சலாத்தான் இருக்கும். டிரோன் விட்ட பசங்க யார் வீட்டுப் பிள்ளைங்கன்னும் அங்கயே தெரிஞ்சுடும்.

கேமராவைப் பத்திக் கவலைப்படாதீங்க. வாடகைக்கு விடுற கம்பெனி அட்டெண்டரைக் கூடவே அனுப்புது, அவங்க பெட்டிக்குக் காவல் அவங்களே. எடுத்த ஃபுட்டேஜுக்குத்தான் ஆள் கிடையாது. ரெண்டு காப்பி எடுத்து ரெண்டையும் ஒரே பையில போட்டு ஒரே கார்ல அனுப்புற புத்திசாலிங்களைப் பார்த்திருக்கேன். ஒரு டிஸ்க் எடிட்டருக்கு ஒரு வண்டியில போகட்டும், இன்னொண்ணு வேற வண்டியில ஆபீஸ் லாக்கருக்குப் போகட்டும். ரெண்டுலயும் படம் ஓடுதான்னு பார்க்கிற வரைக்கும் கார்டை ஃபார்மேட் பண்ணக் கூடாது.

தராசு போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது போனா பணம்தான் போகும். நான் எப்பவும் இரும்பு டிரங்குல போட்டுச் சாவியை என்கிட்டயே வச்சிருந்தது வேற மூணு சாமான்: போலீஸ் யூனிஃபார்ம், டம்மி துப்பாக்கி, சினிமா நோட்டுக் கட்டு. யூனிஃபார்ம் வெளிய போய் எவனாவது அதைப் போட்டுக்கிட்டு ரோட்டுல வண்டியை மறிச்சா, விசாரணை உங்க ஆபீஸுக்குத்தான் வரும். ரூபா நோட்டு மாதிரி அச்சடிக்கிறதே சட்டப்படி குற்றம். 'படப்பிடிப்புக்கு மட்டும்'னு பெருசாப் போட்டிருந்தாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்க. துப்பாக்கி விஷயத்துல வெளிநாட்டுக்காரனே கோட்டை விட்டிருக்கான். 2021 அக்டோபர்ல அமெரிக்காவுல, நியூ மெக்ஸிகோவுல 'ரஸ்ட்'ங்கிற படத்து செட்டுல நிஜத் தோட்டா உள்ள வந்து, கேமராவுமன் ஹலினா ஹட்சின்ஸ் செத்துப்போனாங்க. ஆயுதத்துக்குப் பொறுப்பா இருந்த பொண்ணுக்கு 2024-ல பதினெட்டு மாசம் ஜெயில். நம்ம ஊர்ல டம்மிதானேன்னு அசால்ட்டா இருப்பாங்க. டம்மியும் எண்ணிக்கையில வரணும்.

கடைசியா போன். மேல ஒரு தம்பி எல்லார்கிட்டயும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்காரு. இருநூறு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் வர்ற நாள்ல காலையில டோக்கன் போட்டு வாங்கிப் பாருங்க தம்பி, முதல் ஷாட் லஞ்சுக்கு அப்புறம்தான். ஒரு போன் தொலைஞ்சா புது போன் வாங்கிக் கொடுக்கணும். கேமரா கண்ணு மேல ஸ்டிக்கர் ஒட்டுங்க, கலரை நாளுக்கு நாள் மாத்துங்க, கிழிஞ்சிருந்தா வெளிய அனுப்புங்க. ஆனா லீக் ஆகுற போட்டோ முக்கால்வாசி கூட்டத்துல இருந்து வர்றதில்ல. அடுத்த ஷாட்லயும் தோற்றம் மாறாம இருக்கணும்னு காஸ்ட்யூமும் மேக்கப்பும் கண்டினியூட்டிக்குப் போன்ல எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க. அந்த குரூப்ல போன படத்துல வேலை பார்த்தவனும் இருப்பான். கண்டினியூட்டிக்குன்னு கம்பெனி டேப்லெட் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, சிம் போடாம. சாயங்காலம் அது உங்ககிட்ட திரும்பி வரணும்.

---

பத்து_கேவி

மேனேஜர் அண்ணன் சொன்ன அளவுக்கு எனக்கு எழுத வராது. நான் லைட் டிபார்ட்மெண்ட். கேபிள் எங்க ஆளுங்கதான் எடுத்தாங்கன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு, பரவாயில்ல.

ப்ளை, தெர்மகோல்னு எழுதியிருக்கீங்க. திருட்டை விடுங்க, தீயைப் பாருங்க. பேக்கப் ஆனா மெயின் ஆஃப். வாட்ச்மேனுக்கு மட்டும் தனி லைன், செட்டுக்குள்ள போகாத லைன். பகல்ல மிச்சக் கேபிளைச் சுருட்டின மேனிக்கே வச்சு லோடு கொடுக்காதீங்க, சுருள் உள்ளுக்குள்ள சூடாகி உருகும். பிரிச்சுப் போடணும். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி நிஜமாவே மண்ணுல இறங்கியிருக்கான்னு பாருங்க. டீசல் கேன் செட்டுப் பக்கம் வரக் கூடாது, சமையல் கேஸும் அப்படித்தான். கரண்டு லைன்ல தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, அதுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர். பவுன்சருக்குக் கொடுக்கிற காசுல சிலிண்டர் வாங்குங்க, எங்க ஆளுங்களுக்கு ஒரு தடவை பின்னைப் பிடுங்கி அடிச்சுக் காட்டுங்க. பெரிய தீ சீன் இருந்தா பணம் கட்டி ஃபயர் வண்டியை நிறுத்திக்கலாம்.

சின்னப் பசங்களுக்குத் தெரியாது. 1989 பிப்ரவரி 8, மைசூர் பிரீமியர் ஸ்டுடியோ. தூர்தர்ஷனுக்குத் திப்பு சுல்தான் சீரியல் எடுத்துக்கிட்டிருந்தாங்க. சுவர்ல சாக்கு அடிச்சிருந்துச்சு, காத்து போக வழியில்ல, பெரிய லைட்டுங்க, அணைக்க ஒண்ணும் கிடையாது. 62 பேர் செத்தாங்க. அந்த சீரியலோட ஹீரோவும் டைரக்டருமான சஞ்சய் கான் மாசக்கணக்கா ஆஸ்பத்திரியில கிடந்தாரு. 2017 செப்டம்பர்ல மும்பையில ஆர்.கே. ஸ்டுடியோவும் எரிஞ்சுது. உயிர்ச்சேதம் இல்ல, ஆனா பழைய படத்து உடுப்பெல்லாம் சாம்பல்.

இன்னொண்ணு, கிரேன் வருதுன்னா அது நிக்கிற மண்ணைப் பாருங்க. வாடகை நிலம், ஒரு மழை பெஞ்சா இளகிடும். 2020-ல சென்னைப் பக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டியில 'இந்தியன் 2' செட்டுல கிரேன் சாய்ஞ்சு மூணு பேர் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

ராத்திரி வாட்ச்மேன் ப்ளைவுட் கடைக்குள்ள கொசுவர்த்தி ஏத்தி வச்சுட்டுத் தூங்குவான். அதை முதல்ல தடுங்க.

---

முகப்புத்_திண்ணை

காரைக்குடி பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துக்கிறவன் நான். ஆச்சி மெட்ராஸ்ல இருக்காக, சாவி என்கிட்ட. எங்க வீட்டுலயும் ஷூட்டிங் நடந்திருக்கு. வீட்டுக்காரர் பக்கத்துல இருந்து சொல்றேன்.

அட்வான்ஸ் எவ்வளவுங்கிறதைவிட, நுழையறதுக்கு முந்தின நாள் மேனேஜர் நேர்ல வந்து முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் வீடியோ எடுத்து எங்களுக்கும் ஒரு காப்பி கொடுத்தார்னா எங்களுக்குப் பாதி பயம் போயிரும். முன்னயே உடைஞ்ச ஓடு, கீறின கண்ணாடி எல்லாம் அதுல இருக்கணும், ரெண்டு பேருக்கும் நல்லது. வேண்டாத அறைகளைப் பூட்டி பூட்டு மேல பேப்பர் ஒட்டி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுருவோம். சாமி அறை எப்பவும் பூட்டுலதான்.

தரையில பதிச்சிருக்கிற ஆத்தங்குடிக் கல்லு மேல டிராலித் தண்டவாளத்தை நேரா வைக்காதீக. கீழ சாக்கு, அது மேல ப்ளைவுட், அப்புறம்தான் தண்டவாளம். லைட் ஸ்டாண்டு காலுக்கும் துணி சுத்தணும். சுவர்ல ஆணி கூடவே கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி மினுங்கும். ஒரு ஆணி இறங்கினா அதைச் சரிபண்ணத் தெரிஞ்ச கொத்தனார் இப்ப ரொம்பக் குறைவு. ஒட்டுற டேப்பும் பூச்சையே பிச்சுக்கிட்டு வரும். எதைத் தொங்கவிடணும்னாலும் தேக்குத் தூணுக்கு இடையில கயிறு கட்டித் தொங்கவிடுங்க, தூணுக்கும் துணி வச்சு.

வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, கூட்டமா உக்காந்து சாப்பிடுறதைத் தவிர்த்தா போதும். எண்ணெய்க் கறையும் குழம்புக் கறையும் கல்லுல ஏறிரும். சாப்பாடு வெளிய பந்தல்ல.

---

ஹைகோர்ட்_எதிர்ச்சந்து

தயாரிப்பாளர் சொல்லும் சட்டம் 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம். மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, மூன்று லட்சத்தில் தொடங்கி தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அது தியேட்டரில் ஓடும் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவர்களுக்கானது. செட்டில் எடுத்த ஸ்டில்லுக்குப் பொருந்தாது.

யூனிட் ஆள் எடுத்து வெளியிட்டால், நீங்கள் கொடுத்த வேலை ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் பிரிவு இருந்தால்தான் பிடி. தினக்கூலிக்கு வருபவரிடமும் தமிழில் அரைப் பக்கம் கையெழுத்து வாங்குங்கள். பொது ரோட்டில் நின்று எடுப்பவரைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. தகரத்தை உயரமாக அடிப்பதுதான் வழி. பவுன்சர் ஒருவர் அவர் போனைப் பிடுங்கி உடைத்தால் புகார் உங்கள் மேல் வரும். ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்மிலிருந்து நேரே வரும் ஆட்களுக்கு அது இருக்காது. பெண்களின் பையைச் சோதிக்கப் பெண் காவலர் வேண்டும்.

டிரோனைக் கல்லால் அடிக்க வேண்டாம், ஸ்டேஷனில் சொல்லுங்கள். உங்கள் யூனிட்டே டிரோன் ஷாட் எடுப்பதாக இருந்தால், 2021 டிரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் முதலில் பாருங்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு மேற்கே இருக்கிறீர்களோ அவ்வளவு கவனம் தேவை.

---

மஞ்சள்_டார்ச்

எல்லாருக்கும் நன்றி. லைட் அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, கேபிள் வச்சிருந்தது எங்க ஸ்டோர் டெண்ட்லதான். தயாரிப்பாளர்கிட்ட பேசிட்டேன். பவுன்சர் நாலு பேர் போதும்னு இறங்கி வந்தார், அதுவும் ஹீரோ வர்ற நாள்ல மட்டும். மீதிக் காசு தகரத்துக்கும் ராத்திரி ஆளுக்கும். சிலிண்டர் நாளைக்கு வருது. மேனேஜர் சார், கேட்டுக்கு ஆள் நீங்க சொன்ன மாதிரி கிடைச்சா ஸ்டேஷன்ல தனியா ஏதும் எழுதிக் கொடுக்கணுமா?

---

பழைய_மேனேஜர்

ஷூட்டிங் பர்மிஷனுக்கு ஸ்டேஷன்ல கொடுத்த லெட்டர் காப்பி இருக்கும்ல, அதோட இன்னொரு பேப்பர் சேர்த்துக் கொடுங்க. கேட் ஆள், ராத்திரி ஆளுங்க பேரு, ஆதார் காப்பி, உங்க நம்பர், எந்தத் தேதி வரைக்கும் செட் இருக்கும், எல்லாம் அதுல இருக்கட்டும். ராத்திரி ரோந்து வர்ற ஏட்டையா பேரைக் கேட்டு வச்சுக்கோங்க. கேபிள் போனதுக்கும் புகார் கொடுத்துடுங்கம்மா. கிடைக்கப் போறதில்ல, ஆனா வாடகைக் கம்பெனிக்காரன் பில் போடுறப்ப அந்த ரசீது வேணும்.