கனடா வந்த முதல் வருடம்: வரி வேலை ஏப்ரலில் ஆரம்பிப்பதில்லை

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான் வரி பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறீர்கள். கெடு ஏப்ரல் 30தான், ஆனால் அதற்குள் பாதி விஷயம் கையை விட்டுப் போயிருக்கும்.

முதலில் நீங்கள் இங்கே குடியேறிய தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் இங்கே காட்ட வேண்டும்: ஊரிலிருந்து வரும் வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாமே. என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, அதனால் இங்கேயும் இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இங்கே உண்டு.

அதே தேதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும், இதை யாரும் சொல்வதில்லை. பத்து வருடம் முன்பு வாங்கிய நிலத்தை நாளைக்கு விற்றால், கனடா லாபத்தைக் கணக்குப் போடுவது வாங்கின விலையிலிருந்து இல்லை, நீங்கள் குடியேறிய நாளின் சந்தை மதிப்பிலிருந்து. அதற்கு ஆதாரம் வேண்டுமே! நிலத்துக்கு இப்போதே ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள், பங்குகளுக்கு குடியேறிய தேதியிட்ட டிமேட் (மின்னணுப் பங்குக் கணக்கு) அறிக்கையை இறக்கி வையுங்கள். ஏழு வருடம் கழித்துத் தேடினால் ஊரில் மச்சான்தான் அலைய வேண்டியிருக்கும். இந்த மாதிரி வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்க விலை மொத்தம் 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால், இரண்டாம் வருடத்திலிருந்து அந்தச் சொத்துகளைத் தெரிவிக்கும் டி1135 படிவமும் போட வேண்டும். உங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் வீடு அதில் சேராது. தாமதித்தால் நாளொன்றுக்கு 25 டாலர், 2,500 வரை அபராதம்.

நான் மாட்டிக்கொண்டது டிடி1 படிவத்தில், அதாவது சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குத் தெரிவிக்கும் படிவம். வந்த புதிதில் இரண்டு இடத்தில் வேலை, இரண்டு இடத்திலும் அடிப்படை விலக்கை (வரி இல்லாத வருமான அளவு) எழுதிக் கொடுத்துவிட்டேன், சம்பளம் கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷம் வேறு. ஏப்ரலில் திருப்பிக் கட்டும்போது வாடகைக்கு எடுத்து வைத்த பணம் போனது. இரண்டாவது வேலையில் அந்த விலக்கைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் இருந்தால், பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி வந்தவர்கள் வரித் தாக்கல் வரை காத்திருக்காமல் குழந்தை உதவித்தொகைக்கான ஆர்சி66 படிவத்தை உடனே அனுப்புங்கள். அப்புறம், கணவன் மனைவி இருவரும் வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டும், ஒருவருக்கு வருமானம் பூஜ்யமாக இருந்தாலும். செய்யாவிட்டால் ஜூலையில் குழந்தை உதவித்தொகை நின்றுவிடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டருகே ஒரு அக்காவிடம் விட்டால், ரசீதில் அவர் பெயரோடு சின் நம்பரும் (சமூகக் காப்பீட்டு எண்) இருக்கட்டும். பணம் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள், வருடக் கடைசியில் கேட்டால் முகம் மாறும். பிள்ளை பராமரிப்புச் செலவுக்கான அந்த வரிக் கழிவை பொதுவாக வருமானம் குறைந்தவர்தான் கோர முடியும்.

சேமிப்புக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பல வருடமாக இருக்கும் நண்பருக்கு டிஎஃப்எஸ்ஏவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) ஒரு லட்சம் டாலர் போட இடம் இருக்கலாம், உங்களுக்கு இல்லை. குடியேறிய வருடத்திலிருந்துதான் இடம் சேரும், 2025-க்கு 7,000. கூடுதலாகப் போட்டால் மாதம் 1 சதவீதம் அபராத வரி. ஆர்ஆர்எஸ்பி (ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம்) இடம் முந்தைய வருடம் இங்கே சம்பாதித்ததை வைத்துத்தான் வரும் என்பதால் முதல் வருடம் அநேகமாக பூஜ்யம்.

ரசீதுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். வெயிலில் மை மங்கிப்போகும் கடைச் சீட்டுகளை அன்றன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.